காரைக்குடியில் எந்தப் பள்ளி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். திருமணமானதிலிருந்து பெங்களூருவில் இருக்கிறோம். கணவருக்குச் சொந்த ஊர் காரைக்குடி. மாமியார் அங்கே தனியாக இருக்கிறார். எங்கள் இருவருக்குமே வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கிடைத்துவிட்டதால், வரும் ஜூனில் ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. இருவரும் சிபிஎஸ்இ பள்ளியில் படிக்கிறார்கள். நானும் கணவரும் அரசுப் பள்ளியில் படித்தவர்கள்தான், அதனால் பிள்ளைகளையும் அங்கேயே சேர்க்கலாம் என்று நினைக்கிறோம். ஆனால் உறவினர்களிடம் சொன்னால் ஏதோ துக்கச் செய்தி கேட்டதுபோல முகம் மாறுகிறது. ஒரு நண்பர் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலை அனுப்பி, இதைப் பார்த்து முடிவு செய் என்கிறார். வெளியூரில் இருந்துகொண்டு ஒரு பள்ளியை எப்படி எடைபோடுவது? நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர். ஒரு நல்ல பள்ளியின் பெயரைச் சொன்னாலும் போதும்.

ஆர்., பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்லமாட்டேன். நான் இன்று சொல்லும் பள்ளி நீங்கள் சேரும்போது வேறு பள்ளியாக மாறியிருக்கலாம். சின்ன ஊர்களில் ஓர் அரசுப் பள்ளி என்பது ஒரு தலைமையாசிரியரும் நான்கைந்து ஆசிரியர்களும்தான். பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டி மாறுதல் கலந்தாய்வு நடக்கும். அதில் இரண்டு பேர் வேறு ஊருக்குப் போனால், ஊரே கொண்டாடிய பள்ளி ஒரே வருடத்தில் சோர்ந்துபோகும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும், ஆள் வராமல் பூட்டப் பார்த்த பள்ளிக்கு ஒருவர் வந்து சேர்ந்து வாசலில் வரிசை நிற்க வைத்துவிடுவார். அதனால் தலைமையாசிரியருக்கு ஓய்வு பெற இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று கூச்சப்படாமல் விசாரியுங்கள். இங்கே ஓய்வு வயது 60. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறுபவருக்கு அந்த ஆண்டு முடியும்வரை மறுநியமனம் தருவார்கள் என்பதால், மே மாதம்தான் உண்மையான பிரிவு உபசார மாதம்.

உங்கள் நண்பர் அனுப்பிய பட்டியலை ஓரமாக வையுங்கள். என் மனைவி ஓய்வு பெறும்வரை பட்டதாரி ஆசிரியையாக இருந்தவர். "ரிசல்ட்டைப் பார்க்காதீங்க, ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பாருங்க" என்று எங்கள் உறவுக்காரர்களிடம் அலுக்காமல் சொல்வார். நூறு சதவீதம் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும் பள்ளியில், தேறமாட்டான் என்று தோன்றும் பையன் பத்தாம் வகுப்பு வரை வருவதே இல்லை. ஒன்பதிலேயே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்கள். தனியார் பள்ளிகளில் இது அதிகம், அரசுப் பள்ளிகளிலும் இல்லாமல் இல்லை. ஆகவே எத்தனை பேர் தேறினார்கள் என்பதோடு, இரண்டு வருடம் முன்பு எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 88 சதவீதம் காட்டும் பள்ளி ஒன்று, கடைசி பெஞ்சுக்காரனையும் கைவிடாமல் தேர்வு எழுத வைத்த பள்ளியாக இருக்கலாம். எனக்கு அந்தப் பள்ளியின் மேல்தான் மதிப்பு.

இந்தக் கணக்கை பெங்களூருவில் உட்கார்ந்தே பார்க்கலாம். மத்திய அரசின் யூடைஸ் ப்ளஸ் தளத்தில் நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் ஒன்று உண்டு. அதற்குள் போனால் வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, நூலகம் என்று பள்ளியின் அறிக்கை கிடைக்கும். சிவகங்கை மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு வட்டாரம் என்ற இடத்தில் காரைக்குடியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், சாக்கோட்டை என்று இருக்கும். தரவு கொஞ்சம் பழையதாக இருக்கும், பள்ளியே நிரப்பிக் கொடுத்தது என்பதும் நினைவிருக்கட்டும். 'கழிப்பறை உண்டு' என்று இருந்தால் அங்கே ஒரு கட்டடம் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கைகளை நம்பலாம்.

அதில் நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டியது ஆசிரியர் எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப்பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 60 பேர் வரை இருந்தால் இரண்டு பேர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 50 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் அந்த இரண்டு பேர்தான் ஐந்து வகுப்பையும் பார்ப்பார்கள். அந்த இருவரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். அவர் கூட்டத்துக்குப் போன நாளில் மிச்சம் ஒருவர். இதற்காக ஈராசிரியர் பள்ளி என்றாலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உங்கள் மகன் இரண்டாம் வகுப்புக்குத்தானே போகிறான்? 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை வகுப்புப்படி பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படி பிரித்துத்தான் பயிற்சி தருகிறார்கள். தமிழ் எழுத்தே தெரியாமல் போகிற பிள்ளைக்கு இது வசதி. அரும்பில் உட்கார்ந்து 'அ'விலிருந்து ஆரம்பிக்கலாம், யாரும் விநோதமாகப் பார்க்கமாட்டார்கள்.

மகள் விஷயம் வேறு. ஆறு முதல் எட்டு வரை, மாணவர் எண்ணிக்கை குறைவான நடுநிலைப்பள்ளியில் பட்டதாரி ஆசிரியர்கள் மூன்று பேர்தான் இருப்பார்கள். கணக்கு அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர். அந்த மொழி ஆசிரியர் தமிழ்க்காரராக இருந்தால் ஆங்கிலம் யாராவது ஒருவர் தலையில் விழும். ஆங்கிலத்துக்குத் தனி ஆசிரியர் உண்டா, கணக்குக்கும் அறிவியலுக்கும் தனித்தனி ஆட்கள் உண்டா என்று நேராகவே கேளுங்கள். அப்புறம், மாற்றுப்பணியில் யாராவது வேறு பள்ளிக்குப் போயிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். மகளுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை உள்ள மேல்நிலைப்பள்ளியே நல்லது என்பது என் கட்சி. பாடத்துக்கு ஓர் ஆள் கிடைப்பார், இடையில் பள்ளி மாற்றும் வேலையும் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன, எந்தப் பாடத்துக்கு முதுகலை ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கிறது என்பதையும் இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளலாம். ஐந்து வருடம் தள்ளித்தானே என்று விட்டுவிட்டால், அவள் உயிரியல் கேட்கும்போது பள்ளியில் வணிகவியல் மட்டும் இருக்கும்.

ஆங்கிலவழி உண்டா என்று எல்லோரும் கேட்பார்கள். 2012-13 தொடங்கி அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறந்தார்கள். பிரிவு தனி, ஆசிரியர் அதே ஆசிரியர். ஆள் குறைவான பள்ளிகளில் இரண்டு வழிப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பார்கள், புத்தகம் மட்டும் வேறு வேறு. இது கெட்டது என்று சொல்லவில்லை. பெங்களூரு சிபிஎஸ்இ பள்ளி ஆங்கிலத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, நேரில் போவது பற்றி. பொங்கல் முடிந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச் வந்தால் பொதுத்தேர்வு, பெரிய வகுப்புகள் எதுவும் வழக்கம்போல நடக்காது. சேர்க்கையும் சில ஆண்டுகளாக மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது. சேர்க்கைக்கு விசாரிக்க வந்தோம் என்று சொல்லித் தலைமையாசிரியரின் அனுமதியோடு உள்ளே போங்கள். ஆய்வுக்கு வந்தவர்களைப் போலக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தால் வாயைத் திறக்கமாட்டார்கள்.

தொடக்கப்பள்ளிக்குக் காலை எட்டேகாலுக்குப் போய்விடுங்கள். ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவு உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டே மாநிலம் முழுவதும் வந்துவிட்ட திட்டம். ரவா உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ ஆவி பறக்கத் தட்டில் விழுந்துகொண்டிருக்கும். உணவைப் பார்த்த கையோடு, மணி அடிப்பதற்குள் எந்த ஆசிரியர் வந்து சேர்கிறார், பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் ஓடி வருகிறார்களா ஒதுங்குகிறார்களா என்பதையும் பாருங்கள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளும் பாடத்தின் முதல் வரியிலிருந்து கடகடவென்று ஒப்பிப்பார்கள், அதைக் கேட்டு மயங்கக்கூடாது. பக்கத்தின் நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து, "இங்கேயிருந்து வாசி கண்ணு" என்று கேளுங்கள். சில பள்ளிகளில் அந்த இடத்தில் பிள்ளையின் கண் மெல்ல மேலே ஏறி முதல் வரிக்குப் போகும். மனப்பாடத்தை முதலிலிருந்துதானே தொடங்க முடியும்? சில பள்ளிகளில் எழுத்துக் கூட்டித் தடுமாறியாவது அந்த வரியையே வாசிக்கும். அந்தத் தடுமாற்றம் இருக்கும் பள்ளியை நான் நம்புவேன்.

பெண் பிள்ளைகளின் கழிப்பறையை நீங்களே போய்ப் பாருங்கள், கணவரை அனுப்பாதீர்கள். பூட்டியிருந்தால் சாவி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சாவி தலைமையாசிரியர் மேசையில் இருந்தால் ஆறாம் வகுப்புப் பெண் போய்க் கேட்கமாட்டாள், மாலை வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பள்ளியைப் பற்றி யாரிடம் கேட்பது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். காரைக்குடியில் அரசுப் பள்ளியைப் பற்றி உங்களுக்குக் கருத்துச் சொல்லப்போகிறவர்களில் பெரும்பாலோர் அதன் வாசலை மிதித்திருக்கமாட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் மஞ்சள் வேனில் போகிறார்கள். பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது, உறுப்பினர்களில் பெரும்பான்மை அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்தான். பெரும்பாலும் ஓர் அம்மாதான் தலைவராக இருப்பார். அவர் வீட்டைக் கேட்டுப் போய், "எங்க புள்ளைகளச் சேர்க்கலாமாக்கா?" என்று கேட்டால் எந்த அறிக்கையிலும் இல்லாத விஷயங்கள் வரும். குழு கடைசியாக எப்போது கூடியது என்று அவருக்கே தெரியாவிட்டால், கையெழுத்து மட்டும்தான் வாங்குகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

உங்கள் உறவினர்களின் முகமாற்றத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். தரம் சரியில்லை என்றுதான் வாய் சொல்லும். உள்ளே இருக்கும் கேள்வி, யார் வீட்டுப் பிள்ளைகளோடு நம் பிள்ளை உட்காரும் என்பது. நம் தென்மாவட்டங்களில் இந்தக் கேள்வி பள்ளிக்குள்ளும் கையில் கட்டும் சாதிக் கயிறாக வந்து நிற்கிறது. 2023-ல் நாங்குநேரியில் சாதியின் பேரில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழுவே அமைக்க வேண்டியிருந்தது. ஆகவே நீங்கள் பார்க்கும் பள்ளியில் பையன்கள் எப்படிச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள். உறவினர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் கணவரிடம் விட்டுவிடுங்கள், அவருடைய ஊர்தானே.

இன்னொரு முக்கியமான விஷயம், உங்கள் கடிதத்தில் இல்லாதது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. நீட் எழுதத்தான் வேண்டும், ஆனால் போட்டி தனி. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கும் விரிந்தது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகள் இந்த ஜூனில் ஆறாம் வகுப்பு. முதல் வருடம் தனியாரில் போட்டுப் பழக்கிவிட்டு ஏழாம் வகுப்பில் மாற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்தக் கதவு அடைபடும். காரைக்குடியில் நகரத்தார் குடும்பங்கள் தொடங்கிய பழைய அரசு உதவி பெறும் பள்ளிகள் இருக்கின்றன, பெயர் பெற்றவை, பார்க்க வேண்டியவையும்கூட. ஆனால் இந்த ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிகளுக்குக் கிடையாது. நகராட்சிப் பள்ளிகளுக்கு உண்டு. காரைக்குடி 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது, சில பள்ளிகளில் பலகை மாறியிருக்கும், அதனால் ஒன்றும் குறையாது. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். அதில் மட்டும் உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவிகளையும் பின்னர் சேர்த்தார்கள்.

மகளுக்கு முதல் வருடம் சிரமம் தரப்போவது ஆங்கிலமோ கணக்கோ இல்லை, தமிழ்தான். நீங்கள் தனியார் பள்ளியில் சேர்த்தாலும் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படித்தே ஆக வேண்டும். வீட்டில் பேசுகிற தமிழை வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்புச் செய்யுளைச் சமாளிக்க முடியாது. பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆறாம் வகுப்புப் புத்தகத்தை இப்போது தொடாதீர்கள், மிரண்டுவிடுவாள். மூன்றாம் வகுப்புத் தமிழிலிருந்து தினமும் ஒரு பக்கம், சத்தமாக. மாமியாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு அவரிடம் வாசித்துக் காட்டச் சொன்னால், திருத்துவதற்கு ஓர் ஆள் சம்பளமில்லாமல் கிடைப்பார்.

அன்புடன்.