பழைய டிராவலருக்கு எந்த எஞ்சின்?

கேள்வி: பழைய டெம்போ டிராவலரில் படுக்கையும் அடுப்பும் வைத்துக் குடும்பத்தோடு ஊர்சுற்றப் பயன்படுத்துகிறோம். ஓஎம் 616 டீசல் எஞ்சின். நீலப்புகை வருகிறது, பேச்சிப்பாறைப் பக்கம் ஏற்றத்தில் சூடாகிறது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் காமன் ரெயில் எஞ்சினுக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: வேண்டாம். காமன் ரெயில் எஞ்சினை மட்டும் இறக்கி வைத்தால் ஓடாது. அதன் இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), வயரிங், பெடல் சென்சார், ஹை பிரஷர் பம்ப் என்று பாதி வண்டியே கூட வரவேண்டும். மாற்றுவதென்றால் அதே 616தான். மெக்கானிக்கல் பம்பில் ஓடுவதால், டீசல் பம்ப் வேலை தெரிந்த எவரும் கைவைக்கலாம்.

ஆனால் மாற்றத்தான் வேண்டுமா? காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால், ஆயில் சிலிண்டருக்குள் கசியாமல் தடுக்கும் வால்வு சீல் போயிருக்கலாம். அது எஞ்சினை இறக்காமலே முடிகிற வேலை. ஓட ஓடப் புகைந்து, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்றும் தள்ளினால் பிஸ்டன் ரிங், சிலிண்டரின் உள்ளுறையான லைனர் தேய்ந்திருக்கும். உறுதி செய்ய, எஞ்சினைச் சூடாக்கி, நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றி கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். நல்ல 616இல் 22 முதல் 24 பார் இருக்கும். 15க்குக் கீழே போனாலோ, சிலிண்டர்களுக்குள் 3 பாருக்கு மேல் வித்தியாசம் வந்தாலோ எஞ்சினைத் திறந்துதான் ஆகவேண்டும்.

சூட்டுக்கு முதலில் தெர்மோஸ்டாட்டை, அதாவது தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வைப் பாருங்கள். சூடாகிறது என்றதும் அதைக் கழற்றி எறிவது நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளின் பழைய வியாதி. 616இல் அது இல்லையென்றால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் என்ற குறுக்குவழியாகவே எஞ்சினுக்குள் சுற்றும். ஏற்றத்தில் சூடு இன்னும் கூடும். போர்வெல் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரென்றால் உள்ளே உப்புப் படிந்திருக்கும், கழுவ வேண்டும்.

பழைய எஞ்சின் வாங்கினால் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, அடியில் உலோகத்தூள் கிடக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், எஞ்சின் மவுண்ட், ஹோஸ்கள் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள். பிறகு சீல் ஒன்றுக்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்குவது வீண் கூலி. கடற்காற்றில் எர்த் கேபிளின் முனை அரித்திருக்கும், அதையும் மாற்றுங்கள்.

எஞ்சின் நம்பர் மாறுவதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்அனுமதி வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு தெரிவிக்க வேண்டும். விற்றவரின் பில்லும் அந்த எஞ்சின் எந்த வண்டியுடையது என்பதற்கான தாளும் கையில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸிலும் புது நம்பரை ஏற்றிவிடுங்கள்.