பேசாத பொம்மையாகப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: என் மகனுக்கு 20 மாதம் ஆகிறது. 'அம்மா', 'தா', 'காக்கா' என்று ஏழெட்டுச் சொற்கள்தான் சொல்கிறான். நாம் சொல்வது புரிகிறது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறான். எழுத்து, நிறம், பாட்டு எல்லாம் சொல்லும் லேப்டாப் பொம்மை ஒன்றை அவன் தாய்மாமா வாங்கித் தந்தார். அதை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறான், பேச்சு மட்டும் கூடவில்லை. "இவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்" என்கிறார் மாமியார். எந்தப் பொம்மை வாங்கினால் பேச்சு வரும்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: விரல் நீட்டிக் காட்டுகிறான், சொல்வதைப் புரிந்துகொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் நல்ல அறிகுறிகள். ஆனாலும் 20 மாதத்துக்கு ஏழெட்டுச் சொற்கள் குறைவுதான்.

அதனால் பொம்மைக் கடைக்கு முன்னால் காது பரிசோதனைக்குப் போங்கள். கூப்பிட்டால் திரும்புகிறானே என்று விட்டுவிடக் கூடாது. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால், உரத்த சத்தம் கேட்கும், மெல்லிய பேச்சொலிகள் தெளிவாகக் கேட்காது. ஓ.ஏ.இ., பெரா என்னும் பரிசோதனைகளில் வலியே இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். உங்கள் மாமியார் சொல்வதும் தவறில்லை, தாமதமாகப் பேசும் இயல்பு குடும்பத்தில் வருவதுண்டு. ஆனால் தாமதிக்கும் குழந்தைகளில் யார் தானாகப் பிடித்துக்கொள்வார்கள், யாருக்கு உதவி தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அப்பா லேட்டாகப் பேசியிருந்தால் மகனைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சரி, இப்போது பொம்மைக்கு வருகிறேன். அந்த லேப்டாப் பொம்மையை எடுத்து வைத்துவிடுங்கள். அது பேசும்போது நீங்கள் பேசுவதில்லை, அதுதான் சிக்கல். அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வில் 10 முதல் 16 மாதம் வரையிலான 26 குழந்தைகளும் அவர்கள் பெற்றோரும் விளையாடியதைப் பதிவு செய்து, 2015 இறுதியில் முடிவை வெளியிட்டார்கள். பேட்டரி பொம்மைகளோடு விளையாடியபோது பெற்றோர் நிமிடத்துக்குச் சுமார் 40 சொற்கள் பேசினார்கள். கட்டை, புதிர்ப்பலகை போன்ற சாதாரணப் பொம்மைகளோடு 56. படப் புத்தகத்தோடு 67. குழந்தைகளும் படப் புத்தகத்தோடு இருந்தபோதைவிடப் பேட்டரி பொம்மையோடு இருந்தபோது குறைவாகவே குரல் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பொம்மை கற்றுத்தருவது எழுத்துகளையும் நிறங்களையும். 'மஞ்சள்' என்று சொல்லி 20 மாதக் குழந்தை எதைக் கேட்டு வாங்கும்? அவனுக்கு இப்போது வேண்டியது 'ஊத்து', 'திற', 'போடு', 'இன்னும்', 'வேணாம்' போன்ற, சொன்னவுடன் ஏதாவது நடக்கிற சொற்கள்.

என் அறை மேசையில் சிறிய டவரா டம்ளர் ஒன்று வைத்திருக்கிறேன். போன வாரம் வந்த ஒரு பெண் குழந்தை அம்மாவின் தோளிலிருந்து முகத்தையே எடுக்கவில்லை. நான் டம்ளரிலிருந்து டவராவுக்கு இல்லாத காபியை ஆற்றி, உறிஞ்சி, "ஸ்ஸ்... சூடு!" என்று கையை உதறினேன். திரும்பிப் பார்த்தாள். இறங்கி வந்தாள். டம்ளரை அவள் பக்கம் நீட்டி, எதுவும் சொல்லாமல் காத்திருந்தேன். மனசுக்குள் பத்து எண்ணி முடிக்கும்போது வாயைக் குவித்து ஊதி, "தூது" என்றாள். எனக்கு அது முழுச் சொல்தான்.

இந்தக் காத்திருப்பைத்தான் பல வீடுகளில் தவற விடுகிறோம். "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று தேர்வு வைக்கிறோம், இல்லையென்றால் அவன் வாய் திறப்பதற்குள் நாமே கொடுத்துவிடுகிறோம். இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் அவனுக்குப் பிடித்த காரை வைத்துக் கையில் கொடுங்கள். திறக்க முடியாமல் உங்களிடம் நீட்டுவான். "திறக்கணுமா? திற!" என்று சொல்லித் திறந்து காட்டுங்கள். அடுத்த முறை 'தி' என்றாலே திறந்துவிடுங்கள், உச்சரிப்பைத் திருத்தாதீர்கள்.

வாங்குவதென்றால் செப்புச் சாமான், பந்து, மரக்கட்டைகள், ஆடு மாடு பொம்மைகள், ஒரு கார், தூங்க வைத்துச் சோறூட்ட ஒரு பாப்பா பொம்மை. கெட்டி அட்டைப் புத்தகம் இரண்டு. அதைவிட நல்லது, போனில் கிடக்கும் குடும்பப் படங்களில் பத்துப் பதினைந்தைப் பிரிண்ட் போட்டு ஒரு சின்ன ஆல்பம் செய்வது. தாத்தா படத்தைத் தட்டிக் காட்டித் "தாத்தா!" என்று சொல்ல எந்தக் குழந்தைக்கும் ஆசைதான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பாதீர்கள். 16 பொம்மைகள் கிடந்தபோது இருந்ததைவிட 4 மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம் விளையாடினார்கள் என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. மீதியைப் பரணில் போட்டு, வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

இந்தியாவில் 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பார்த்து வாங்குங்கள். வாய்க்குள் முழுதாகப் போகும் அளவில் எதுவும் வேண்டாம். செப்புச் செட்டில் வரும் குட்டி மூடிகளை முதலிலேயே எடுத்துவிடுங்கள். பட்டன் பேட்டரி உள்ள எதையும் இந்த வயதில் கையில் கொடுக்காதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

செல்போனும் டிவியும் இரண்டு வயது வரை வேண்டாம். தொலைவில் இருக்கும் தாத்தா பாட்டியுடன் வீடியோ காலில் பேசுவது மட்டும் பரவாயில்லை.

24 மாதத்தில் ஐம்பது சொற்களாவது இருக்க வேண்டும், 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும். இல்லையென்றால் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்தே ஆக வேண்டும். வந்த சொல் மறைந்துபோனாலோ, விரல் நீட்டுவது நின்றுபோனாலோ அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள்.

காது பரிசோதனை முடிந்ததும் அறிக்கையோடு உங்கள் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அவன் சொல்லும் சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பஸ்ஸைப் பார்த்து ஒவ்வொரு முறையும் 'பாம் பாம்' என்கிறானா? அதையும் சேர்த்து எழுதுங்கள், அதுவும் சொல்தான்.