கல்யாணத்துக்குப் போகிற பெண்ணுக்கு விசிட்டர் விசாவா?

கேள்வி: அக்கா, என் மகளுக்கு லண்டனில் வேலை பார்க்கும் பையனை நிச்சயம் செய்திருக்கிறோம். அவருக்கு பிரிட்டிஷ் குடியுரிமை. கல்யாணத்தை ஹைகேட் முருகன் கோயிலில் வைக்கலாம் என்கிறார்கள் சம்பந்தி வீட்டார். "விசிட்டர் விசாவில் போய்த் தாலி கட்டிக்கொள்ளட்டும், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா?
– ஒரு தாய், செம்பூர்

பதில்: செய்யாதீர்கள் அம்மா. மும்பை மாட்டுங்காவில் 22 வருடமாக விசா பேப்பர் தயார் செய்து கொடுக்கிறேன். இருந்தும் என் அக்கா மகள் விஷயத்தில் கோட்டை விட்டேன். 2016-இல், என்னிடம் சொல்லாமலே, ஒரு ஏஜென்ட் பேச்சைக் கேட்டு "ஊர் சுற்றிப் பார்க்க" என்று எழுதிக் கொடுத்துக் கிளம்பினாள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தார்கள். கூறைப் புடவை, திருமாங்கல்யம், 40 பத்திரிகை. அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று சயானில் இருக்கிற வீட்டுக்கு வந்து நின்ற அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதன்பிறகு எந்த விசாவுக்கு எழுதினாலும் அந்த மறுப்பைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. விண்ணப்பத்தில் ஏமாற்றினார் என்று முடிவானால் 10 வருடம் வரை கதவை அடைத்துவிடுவார்கள்.

சாதாரண விசிட்டர் விசாவில் பிரிட்டனில் கல்யாணம் செய்ய முடியாது. கல்யாணம் செய்யப் போகிறோம் என்று அங்கே ரிஜிஸ்டர் ஆபீஸில் முன்கூட்டியே கொடுக்கும் நோட்டீஸ்கூடக் கொடுக்க முடியாது. மேரேஜ் விசிட்டர் விசா என்று ஒன்று உண்டு, ஆனால் அது கல்யாணம் முடிந்து 6 மாதத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு. உங்கள் மகள் அங்கேயே குடித்தனம் நடத்தப் போகிறாள், அவளுக்கு அது சரிவராது.

அங்கேதான் கல்யாணம் என்றால் ஃபியான்ஸே விசா, அதாவது நிச்சயமானவர்களுக்கான விசா. அதுவும் 6 மாதம்தான், வேலைக்குப் போகக் கூடாது. ரிஜிஸ்டர் ஆபீஸில் நோட்டீஸ் கொடுத்த பிறகு குறைந்தது 28 நாள், சில சமயம் 70 நாள் காத்திருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டியது மட்டும் சட்டத்துக்குப் போதாது. அப்புறம் மனைவி விசாவுக்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம்.

என்னைக் கேட்டால், உங்கள் செம்பூர் செடா நகர் முருகன் முன்னால் கல்யாணத்தை முடித்துவிடுங்கள். மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். மூன்று சாட்சிகளும், கல்யாணம் செய்து வைத்த சாஸ்திரிகளின் கையெழுத்தும் வேண்டும், அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சான்றிதழ் கையில் வந்ததும் நேராக மனைவி விசா. அங்கே போவதற்கு ஒரே விண்ணப்பம் போதும், போய் இறங்கியதும் அவள் வேலைக்கும் போகலாம். கோயில் விருந்தை லண்டனில் பிறகு வைத்துக்கொள்ளட்டும். நீங்களும் அவள் அப்பாவும் அதற்கு விசிட்டர் விசாவிலேயே போகலாம், தடையில்லை.

இரண்டு விஷயம் இப்போதே பாருங்கள். மாப்பிள்ளையின் வருமானம் ஆண்டுக்கு 29,000 பவுண்டு இருக்க வேண்டும், 2024 ஏப்ரலிலிருந்து இதுதான் அளவு. சம்பளச் சீட்டைக் கேட்க வெட்கப்படாதீர்கள், நகை போடும்போது எடை கேட்பதில்லையா? இன்னொன்று, பையனும் பெண்ணும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், வீடியோ காலில் பார்த்தது கணக்கில்லை. நிச்சயதார்த்தத்துக்கு அவர் வந்த போர்டிங் பாஸ், போட்டோக்கள், இருவரும் பேசிய மெசேஜ்கள் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள்.

கேள்வி: எனக்கு நிச்சயித்தவர் நியூ ஜெர்சியில் இருக்கிறார், கிரீன் கார்டு உண்டு. நிச்சயமான பெண்ணுக்குக் கொடுக்கும் அமெரிக்காவின் கே-1 விசா கிடைக்குமா?
– தாராவி வாசகி

பதில்: கிடைக்காது. கே-1 அமெரிக்கக் குடிமக்கள் நிச்சயித்தவர்களுக்கு மட்டும். அமெரிக்கா போய் இறங்கியதிலிருந்து 90 நாளுக்குள் கல்யாணம் செய்துகொள்ளவும் வேண்டும். கிரீன் கார்டுக்காரர் என்றால் இங்கே கல்யாணத்தை முடித்துப் பதிவு செய்துவிட்டு, மனைவிக்காக அவர் ஐ-130 என்கிற மனுவைப் போட வேண்டும். அதில் வரிசை உண்டு, காத்திருக்கத்தான் வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அவருக்குத் தகுதி வந்துவிட்டதா என்று இன்றைக்கே கேளுங்கள். அவர் குடிமகன் ஆகிவிட்டால் உங்களுக்கு அந்த வரிசையே இல்லை.