சென்னைக்கு குடி வர்றவங்களுக்கு: பழைய ஏரியால வீடு பாக்குறது பத்தி கேளுங்க, சொல்றேன்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம், புரசைவாக்கம் பக்கம் 22 வருஷமா பழைய வீடு ரிப்பேர் வேலை எடுத்து செய்றேன். வெளியூர்லேருந்து மாறி வர்றவங்க தனித்தனியா கேட்டுட்டே இருக்கீங்க, அதான் இன்னிக்கு ஒரே மூச்சுல எல்லாருக்கும் பதில் போட்டுடலாம்னு உக்காந்துட்டேன்.

கோயம்புத்தூர்லேருந்து: அண்ணா, கிண்டில வேலை. மேற்கு மாம்பலத்துல பழைய தனி வீடு ஒண்ணு வாடகைக்கு வருது, வீட்டுக்காரங்களுக்கும் எங்களுக்கும் ஒத்துப் போயிடுச்சு. என்ன செக் பண்ணணும்?

தம்பி, ரயில்ல ரெண்டே ஸ்டேஷன், ஏரியா உங்களுக்கு பொருத்தம்தான். ஆனா வீட்ட அப்புறம் பாருங்க, முதல்ல தெருவ பாருங்க. ரோட்டுலேருந்து வீட்டுக்குள்ள போக படி ஏறுறீங்களா, எறங்குறீங்களா? பழைய ஏரியால இதுதான் முதல் கேள்வி. பழைய தார சுரண்டாம அதுக்கு மேலயே போட்டு போட்டு ரோடு ஏறிடுச்சு, வீடு மட்டும் அப்பிடியே நிக்குது. அயோத்தியா மண்டபம் பக்கத்துல ஒரு வீட்டுக்கு வேலைக்கு போனேன், திண்ணையும் ரோடும் ஒரே மட்டம். சின்ன வயசுல அந்த திண்ணைல உக்காந்து கால தொங்கப் போட்டு ஆட்டுவேன்னு அந்த வீட்டு தாத்தா சொன்னாரு. தோண்டிப் பாத்தா மூணு கருங்கல் படி மண்ணுக்குள்ள அப்பிடியே இருக்கு, நடுவுல தேஞ்ச குழியோட.

அங்க லேக் வியூ ரோடுன்னு ஒரு தெரு இருக்குல்ல, அது சும்மா வெச்ச பேர் இல்ல. பக்கத்துல பெரிய ஏரி இருந்துது, 1920கள்ல அத தூத்துதான் தியாகராய நகரையே உருவாக்குனாங்க. தண்ணிக்கு பழைய வழி மறக்காது. அதனால கதவு நிலையோட அடிப்பக்கம் பாருங்க, பீரோவுக்குப் பின்னாடி சுவத்துல கோடு மாதிரி கறை இருக்கான்னு பாருங்க, ஈபி மீட்டர் பெட்டிய மேல தூக்கி வெச்சிருக்காங்களான்னு பாருங்க. அப்புறம் தெருமுனைல இஸ்திரி போடுறவர்ட்ட 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க. புரோக்கர் சொல்லாதத அவர் சொல்லிடுவார்.

மதுரைலேருந்து: மயிலாப்பூர்ல மெட்ராஸ் டெரஸ் வீடுன்னு சொல்றாங்க, கூரைல மரக்கட்டைக்கு மேல செங்கல் தெரியுது. பயமா இருக்கு சார், விழுந்துடுமா?

நல்லா வெச்சிருந்தா நூறு வருஷம் தாண்டியும் நிக்கும், நம்புங்க. பர்மா தேக்கு கட்டைய வரிசையா போட்டு, அதுக்கு மேல செங்கல்ல சாய்வா நிக்க வெச்சு சுண்ணாம்புல ஒட்டி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி கட்டையால அடிச்சு இறுக்கி, கடைசியா தட்டோடு பதிப்பாங்க. மே மாசம் மத்தியானம் உள்ள போய் நின்னு பாருங்க, வித்தியாசம் தெரியும். இத கெடுக்குறதே பின்னாடி வந்தவங்க பண்ற வேலைதான். ஒழுகுதுன்னு மேல சிமெண்ட் பூசிடுவாங்க, உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லாம மரம் ஊறிப் போகும். இல்லேன்னா 1000 லிட்டர் டேங்க நடு மாடில வெச்சிடுவாங்க, அது ஒரு டன் எடை! நீங்க பாக்க வேண்டியது கட்டை சுவத்துக்குள்ள நுழையுற முனை. ஒரு ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க, இறங்கலன்னா தைரியமா இருக்கலாம். ரஸ்க் மாதிரி உதிர்ந்தா வேற வீடு பாருங்க.

திருநெல்வேலிலேருந்து: ரெண்டு குழந்தைங்க இருக்கு சார். தண்ணி எப்பிடி?

காலைல ஆறு மணிக்கு போய் பாருங்கம்மா, அப்பதான் உண்மை தெரியும். மெட்ரோ வாட்டர், அதான் ஊர்க்குழாய் தண்ணி, நேரா சம்ப்ல (தரைக்கு அடில இருக்கற தொட்டில) விழுதா, இல்ல அடி பம்ப்ல அடிச்சு தூக்கணுமா? சம்ப்புக்கும் சாக்கடை மேன்ஹோலுக்கும் எவ்ளோ தூரம்? பழைய வீட்டுல ரெண்டும் ஒட்டி ஒட்டி இருக்கும், ஒரு பைப் வெடிச்சா குடிக்கிற தண்ணில நாத்தம் வந்துடும், கொழந்தைங்க இருக்கற வீட்டுல இத விடவே விடாதீங்க. பின்கட்டுல கிணறு இன்னும் உயிரோட இருந்தா, மாடி மழைத்தண்ணிய அதுல விட்டிருந்தா, வாடகை ஆயிரம் கூட போனாலும் எடுத்துக்கோங்க. 2019 கோடைல ஏரியெல்லாம் வத்தி லாரிக்கு குடத்தோட நின்னவங்களுக்கு கிணத்தோட அருமை தெரியும்.

சேலத்துலேருந்து: பத்து மாச அட்வான்ஸ் கேக்குறாங்க, நியாயமா?

பழக்கம் அப்பிடி. 2019ல அமலுக்கு வந்த வாடகை சட்டம் மூணு மாசம்னு சொல்லுது, ஆனா ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டு அக்ரிமெண்ட் போட்டா அதுதான் செல்லும். அதனால கையெழுத்துக்கு முன்னாடியே பேசி குறைங்க. பெயிண்டுக்குன்னு கடைசில எவ்ளோ புடிப்பாங்கன்னும் எழுதி வாங்கிடுங்க. தனி மீட்டரான்னும் கேட்டுக்கோங்க.

திருச்சிலேருந்து: மயிலாப்பூர் மாட வீதி பக்கம் ஒரு வீடு விலைக்கு வருது, ரேட் ரொம்ப கம்மியா இருக்கு. வாங்கலாமா?

நில்லுங்க. அங்க நிறைய மனை கோயிலுக்கு சொந்தம், கட்டடம் மட்டும்தான் குடியிருக்கறவங்களுது, அடிமனைக்கு கோயிலுக்கு வாடகை கட்டிட்டு இருப்பாங்க. அப்பிடின்னா நீங்க வாங்குறது வெறும் சுவரு, நிலம் இல்ல. பேங்க் லோனும் கஷ்டம். வில்லங்கம், பட்டா, மூலப்பத்திரம் மூணையும் வக்கீல்ட்ட குடுத்துட்டு அப்புறமா அட்வான்ஸ் பேசுங்க.

ஓசூர்லேருந்து: பெசன்ட் நகர்ல 80கள்ல கட்டுன ஃப்ளாட்?

உப்புக்காத்துதான் அங்க பிரச்சன. கம்பி துரு புடிச்சு ஊதி, கான்கிரீட்ட வெளிய தள்ளும். சன்ஷேட் அடிலயும் பால்கனி அடிலயும் கம்பி ஓடுற திசைல நேர்கோடா விரிசல் இருக்கான்னு பாருங்க. புதுசா பூசி பெயிண்ட் அடிச்சிருந்தா நாணயத்தால தட்டுங்க, டொப்பு டொப்புன்னு கேட்டா உள்ள விட்டுப் போயிருக்கு.

தஞ்சாவூர்லேருந்து: வடசென்னை பக்கம் யாருமே சொல்ல மாட்டேங்கறாங்களே அண்ணா?

எனக்கு அதுல ரொம்ப வருத்தம்ப்பா. பெரம்பூர போய் பாருங்க. ரயில்வே பணிமனையும், 1955ல வந்த ஐசிஎஃப்புங்கற ரயில் பெட்டி தொழிற்சாலையும் வளத்த ஊரு, ரயில்வேல வேல பாத்த குடும்பங்க கட்டுன நல்ல நல்ல வீடு இன்னும் இருக்கு, சென்ட்ரல் கிட்டக்கதான், தெற்குல குடுக்குற வாடகைய விட கம்மி. மழைக்கு வியாசர்பாடி சுரங்கப்பாதை நெறஞ்சிடும், அத மட்டும் கணக்குல வெச்சுக்கோங்க. பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம் வழியா மெட்ரோ ரயில் வேலையும் நடக்குது, அதனால எந்த ரோடு இப்ப மூடியிருக்குன்னு பாத்துட்டு வீடு புடிங்க.

மறுபடி கோயம்புத்தூர் தம்பி: வயரிங் பத்தி சொல்லலையேண்ணா? எப்ப வந்து பாக்கலாம்?

ஆமா, விட்டுப் போச்சு. சுவத்துல அடிச்ச மரச்சட்டம் மேல ஓடுற பழைய வயர் இருந்தா ஏசி மாட்டுறதுக்கு முன்னாடி எர்த் இருக்கான்னு எலெக்ட்ரீஷியன வெச்சு பாத்துடுங்க, ஈர சுவத்துல கை வெச்சா ஷாக் அடிக்கிற வீடு நானே பாத்திருக்கேன். வர்றது ஐப்பசி கார்த்திகைல, ராத்திரி நல்ல மழை பேஞ்ச மறுநாள் காலைல வாங்க, ரெண்டு மூணு தெரு நடந்து பாத்துட்டே அந்த வீட்டுக்கு போங்க.