கேள்வி–பதில்: மலை இறங்கிய கால்

கேள்வி: ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை நடந்தே இறங்கினேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் தொடை பிடித்துக்கொண்டது; மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. நோய் எதிர்ப்பு செல்கள் கூடுவதால்தான் வலி என்கிறார்கள். மாத்திரை போட்டு அடக்கிவிடலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: அடக்கலாம். ஆனால் ரிப்பேர் வேலையை நடத்துவதும் அதே செல்கள்தான்.

மலை ஏறும்போது முன்தொடைச் சதை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. மூச்சு வாங்காது, ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் சதை நார்களில் நுண்ணிய கிழிசல் விழுந்துவிடும்.

நாரின் மேலுறைக்கு அடியில், புதுச் செல்களை உண்டாக்கக்கூடிய ஸ்டெம் செல்கள் ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. 1961-ல் தவளைச் சதையில் இவற்றைக் கண்ட அலெக்சாண்டர் மௌரோ 'சாட்டிலைட் செல்' என்று பெயரிட்டார். நார் கிழிந்ததும் சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற எதிர்ப்பு செல்கள் வரும், பின்னாலேயே மேக்ரோஃபேஜ் என்ற இன்னொரு வகை. இவை சிதைந்ததைத் தின்று, ஸ்டெம் செல்களைப் பெருகச் சொல்கின்றன. மூன்று நான்கு நாளில் மேக்ரோஃபேஜின் குணமே மாறும்: 'பெருகியது போதும், நாராகச் சேருங்கள்' என்பது அடுத்த உத்தரவு. எதிர்ப்பு செல்களிலேயே 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' என்ற வகை ஆம்ஃபிரெகுலின் என்ற புரதம் சுரந்து துணை நிற்கும். எலிகளில் மேக்ரோஃபேஜை அகற்றிப் பார்த்தபோது புது நார் சரியாக வளராமல், அந்த இடத்தைக் கொழுப்பும் தழும்பும் பிடித்துக்கொண்டன. தின்று பெருகச் சொல்லும் முதல் கட்டம் ஓயாமல் நீண்டாலும் கெடுதிதான். செல்கள் நாராக இணைவது தடைப்படும்.

இப்போது மாத்திரை. இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் எல்லாம், புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உண்டாவதைத் தடுப்பவை. வலியைக் கிளப்பும் புராஸ்டாகிளாண்டின் ஈ2 சதையின் ஸ்டெம் செல்லையும் எழுப்புகிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். தூக்கம் கெட்டால் ஒரு வேளை பாராசிட்டமால் 500 மி.கி. போதும். வாரக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குவதுதான் தப்பு. இப்யூபுரூஃபென் வகை மாத்திரை வெறும் வயிற்றிலும் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போதும் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆகாது. சமதரையில் மெதுவாக நடங்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: மகனுக்குத் தலையில் புழுவெட்டு. முடி திரும்ப முளைக்குமா?
– வாசகி, ஆத்தூர்

பதில்: பெரும்பாலும் வாய்ப்புண்டு. புழு எதுவும் கிடையாது. எதிர்ப்பு செல்கள் முடியின் அடிக்குமிழைத் தாக்குகின்றன. சற்று மேலே இருக்கும் ஸ்டெம் செல்கள் பொதுவாகத் தப்பிவிடுகின்றன. தோல் வெந்துபோகிற அளவுக்குச் சின்ன வெங்காயம் தேய்க்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.