கரும்புகை குறைந்தால் மாசும் குறைந்துவிட்டதா?

கேள்வி: என்னுடையது பழைய டீசல் வண்டி. 20 சதவீதம் பயோடீசல் (எண்ணெயிலிருந்து தயாரிக்கும் டீசல்) கலந்த எரிபொருள் போட்டதிலிருந்து கரும்புகை குறைந்திருக்கிறது. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும் என்கிறார் நண்பர். புகை குறைந்தால் மாசும் குறையத்தானே வேண்டும்?

பதில்: நீங்கள் பார்த்ததும் சரி, நண்பர் சொன்னதும் சரி. கரும்புகை என்பது அரைகுறையாக எரிந்த கரி. இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சும்போது அதன் நடுப்பகுதிக்குக் காற்று போய்ச் சேராது, கரி உருவாவது அங்கேதான். பயோடீசலின் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன் என்பதால், காற்று எட்டாத அந்த இடத்திலும் அது ஓரளவு எரிந்துவிடுகிறது.

நைட்ரஜன் ஆக்சைடு அப்படியில்லை. காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சிலிண்டருக்குள் கடும் சூட்டில் சேர்ந்து உண்டாவது அது, சூடு ஏறினால் அதுவும் ஏறும். பயோடீசல் சாதா டீசலைவிடக் குறைவாகத்தான் அமுங்கும். அதனால் பழைய பம்ப் வைத்த எஞ்சின்களில் அழுத்தம் குழாய் வழியாகச் சற்று முன்னதாகவே இன்ஜெக்டரை எட்டி, எரிபொருளும் முன்னதாகவே பாய்ந்து, சூடு கூடிவிடுகிறது. இன்னொன்று, தீயில் இருக்கும் கரித்துகள் ஒளிர்ந்து வெப்பத்தை வெளியே விடும்; கரி குறைந்தால் அந்த வழியும் குறையும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கனரக எஞ்சின்களில் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2002-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 20 சதவீதக் கலவையில் நுண்துகள் சுமார் 10 சதவீதமும் கார்பன் மோனாக்சைடு 11 சதவீதமும் எரியாத ஹைட்ரோகார்பன் 21 சதவீதமும் குறைந்தன, நைட்ரஜன் ஆக்சைடு 2 சதவீதம் கூடியது. முழுக்க பயோடீசல் என்றால் நுண்துகள் பாதிக்குப் பாதி குறைகிறது, ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு 10 சதவீதம் ஏறுகிறது.

என்னைக் கேட்டால், உங்கள் வண்டிக்கு 20 சதவீதக் கலவை நல்ல பேரம்தான். கரித்துகள் நுரையீரலின் அடிவரை போகிறது, அது 10 சதவீதம் குறைவது பின்னால் வருகிறவர்களுக்குப் பெரிய விஷயம். அதற்காக நைட்ரஜன் ஆக்சைடை அலட்சியப்படுத்தக் கூடாது, வெயிலில் ஓசோன் உருவாகக் காரணமாகி மூச்சைத் திணறடிப்பது அதுதான். டைமிங்கை, அதாவது எரிபொருள் பாயும் நேரத்தை, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் அது குறையும், ஆனால் ரொம்பத் தள்ளினால் கரும்புகை திரும்ப வந்துவிடும், ஆகவே விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் விடுங்கள். புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடை முறிக்க யூரியா கரைசல் ஊற்றும் புது வண்டிகளில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

கேள்வி: சமையல் எண்ணெயை அப்படியே டீசலில் கலக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். டீசலைவிட அது சுமார் பத்து மடங்கு பிசுபிசுப்பானது, பொடிப் பொடித் துளியாகப் பிரியாமல் இன்ஜெக்டர் முனையில் கரியாகப் படியும், புகை இன்னும் மோசமாகும். எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியவைத்து கிளிசரினைப் பிரித்தெடுத்த பிறகுதான் அது பயோடீசல். பிரிப்பது சரியாக நடக்காமல் கிளிசரின் தங்கிவிட்டால், எரியும்போது கண்ணைக் கரிக்கும் அக்ரோலின் வரும். அப்புறம், பழைய டேங்கில் படிந்திருக்கும் அழுக்கையெல்லாம் நல்ல பயோடீசல் கரைத்து இழுத்து வரும் என்பதால், முதல் சில டேங்க் தீர்ந்ததும் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.