மதுரையில் 2.6 லட்சம் ‘பேக்கேஜ்’: வயிற்று ஆபரேஷனுக்கு ஈஎம்ஐ போடலாமா, நகையை வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் கருவாடு வாங்கி விற்கிறேன். கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். மகள் பிளஸ் ஒன், மகன் ஏழாவது. இரண்டும் சிசேரியன். இரண்டு வருடத்தில் 82 கிலோவிலிருந்து 68 கிலோவுக்கு இறங்கினேன். ஆனால் அடிவயிற்றுத் தோல் மடிந்து தொங்குகிறது. வெயில் காலத்தில் மடிப்புக்குள் புண் வருகிறது. இருமினால் தொப்புள் பக்கம் புடைக்கிறது. மதுரையில் ஒரு கிளினிக்கில் ‘டம்மி டக்’ (தொங்கும் தோலை வெட்டி வயிற்றை இறுக்கும் ஆபரேஷன்) செய்ய 2,80,000 ரூபாய் ஆகும், இந்த மாதமே பதிவு செய்தால் 2,60,000 என்கிறார்கள். 60,000 முன்பணம், மீதி 2 லட்சம் 18 மாத ‘நோ காஸ்ட்’ ஈஎம்ஐ. பதிவுக்கு 10,000 கட்டிவிட்டேன். தையில் கொழுந்தன் கல்யாணம், அதற்குள் முடித்துவிட ஆசை. சேமிப்புக் கணக்கில் 90,000, மகள் படிப்புக்கு 1,80,000 எஃப்டி, 14 பவுன் நகை இருக்கிறது. 2 லட்ச ரூபாய்ச் சீட்டு பங்குனியில் முடிகிறது. தொழில் நடக்கும் மாதங்களில் செலவு போக 12,000 மிஞ்சும். 5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து மூன்று வருடம் ஆகிறது. ஹெர்னியா என்று எழுதி வாங்கி கிளெய்ம் பண்ணிவிடலாம் என்கிறார் ஏஜென்ட். மாமியாரோ ‘இந்த வயசில் யாருக்குக் காட்ட?’ என்கிறார். ஈஎம்ஐ போடட்டுமா, நகையை வைக்கட்டுமா?

பதில்: மாமியாரின் கேள்வியை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். உங்கள் உழைப்பில் வந்த பணம், உங்கள் உடம்பு. அதில் எது ஆசை, எது அவசியம் என்று தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை. எந்தப் பணத்தில், எப்போது என்று மட்டும் பேசுகிறேன். ஈஎம்ஐ வேண்டாம், நகையும் வேண்டாம், தை மாதமும் வேண்டாம். ஆபரேஷனை வேண்டுமானால் பிறகு செய்துகொள்ளலாம்.

‘இருமினால் தொப்புள் பக்கம் புடைக்கிறது’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே பெரிய வரி அதுதான். அது ஹெர்னியாவாக, அதாவது குடலிறக்கமாக இருக்கலாம். அல்லது கர்ப்ப காலத்தில் வயிற்றின் நடுத் தசைகள் இரண்டு பக்கமும் விலகிப் போய், திரும்பச் சேராமல் நிற்பதாக இருக்கலாம். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத் தெரியும், ஆனால் பண விஷயத்தில் இரண்டுக்கும் வெகு தூரம். ஹெர்னியா என்றால் அது நோய். அதற்கான ஆபரேஷனுக்குக் காப்பீடு உண்டு. பெரும்பாலான பாலிசிகளில் ஹெர்னியாவுக்கு 2 வருடக் காத்திருப்பு இருக்கும், உங்களுக்கு 3 வருடம் ஆகிவிட்டது. பாலிசிப் பத்திரத்தில் காத்திருப்பு உள்ள நோய்களின் பட்டியலை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தசை விலகல் என்றால் பிசியோதெரபி பயிற்சியில் ஓரளவு சரியாகிறவர்கள் இருக்கிறார்கள். தொங்கும் தோல் மட்டும் எந்தப் பயிற்சிக்கும் உள்ளே போகாது.

ஆகவே அந்த கிளினிக்குக்கு அடுத்த ரூபாய் கட்டும் முன், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவின் ஓ.பி.யில் காட்டுங்கள். உங்களுக்கு ஆபரேஷன் விற்கும் அவசரம் இல்லாத ஒரு மருத்துவர் சொல்லும் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். இதற்கிடையில் அந்தப் புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்கு நாள் பார்க்கக் கூடாது.

அப்புறம் அந்த ஏஜென்ட். தோற்றத்தை மாற்றும் ஆபரேஷனுக்குப் பணம் கிடையாது என்பது இந்தியாவில் அநேகமாக எல்லா மருத்துவக் காப்பீட்டிலும் இருக்கும் பொது விதி. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு உறுப்பைச் சீரமைப்பதற்கும், உடனடி ஆபத்தை நீக்க அவசியம் என்று மருத்துவர் சான்று தரும்போதும் மட்டுமே விலக்கு. மடிப்பில் வரும் புண் அந்த விலக்குக்குள் வருவது கஷ்டம். இல்லாத ஹெர்னியாவை எழுதி வாங்கினால், கிளெய்மை நிராகரிப்பதோடு பாலிசியையே ரத்து செய்ய நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. நாளைக்குக் கணவருக்கு நெஞ்சு வலி என்று போய் நிற்கும்போது கையில் பாலிசி இருக்காது. ஏஜென்டுக்கு அதில் ஒரு நஷ்டமும் கிடையாது. உண்மையிலேயே ஹெர்னியா இருந்தால், அதைச் சரிசெய்யும் செலவுக்குத் தனி பில், தோல் நீக்கும் செலவுக்குத் தனி பில் என்று கேளுங்கள். முதலாவதை முன்கூட்டியே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி ஒப்புதல் வாங்கலாம். இரண்டாவது உங்கள் கைப்பணம்.

சரி, 2,60,000 என்பது முழு விலையா என்று பார்ப்போம். நோய்க்கான சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் அழகுக்கான அறுவை சிகிச்சைக்கு உண்டு. இப்போது எத்தனை சதவீதம், பேக்கேஜில் அது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சேரவில்லை என்றால், 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அங்கேயே 46,800 கூடி 3,06,800 ஆகிவிடும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், வாரக்கணக்கில் போட்டிருக்க வேண்டிய இறுக்கமான பெல்ட் இரண்டு, மருந்து என்று 12,000 வைத்துக்கொள்வோம். தங்கச்சிமடத்திலிருந்து மதுரை சுமார் 160 கிலோமீட்டர். வயிற்றில் ரத்தநீர் வடியக் குழாய் வைத்து அனுப்புவார்கள், அதை எடுக்கவும் தையல் பார்க்கவும் திரும்பத் திரும்பப் போக வேண்டும். போதாததற்கு, இந்த ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போவதுதான் பெரிய ஆபத்து. அந்த நிலையில் மணிக்கணக்கில் காரில் மடங்கி உட்கார்ந்து வருவது நல்லதல்ல. முதல் ஒரு வாரம் மதுரையிலேயே துணையோடு தங்குவது உத்தமம். தங்கல், கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து 25,000. ஊருக்கு வந்த பிறகு வீட்டு வேலைக்கும் கருவாட்டுக் கூடை தூக்கவும் ஆள் வைத்தால் 20,000. கடைசியாக, புண் ஆறாமல் போவது, நீர் கோத்துக்கொள்வது, சீழ் வைப்பது மாதிரியான சிக்கலுக்கு 50,000. அழகு சிகிச்சையால் வந்த சிக்கல் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க வாய்ப்பு அதிகம், அதனால் இந்தத் தொகை இல்லாமல் ஆபரேஷன் மேசையில் ஏறாதீர்கள். மொத்தம் 4,13,800. இது என் உத்தேசக் கணக்கு. உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் எந்த வரியையும் அடித்துவிட வேண்டாம்.

இப்போது ஈஎம்ஐ. 2 லட்சத்தை 18 மாதத்தில் கட்டினால் மாதம் 11,111 ரூபாய். உங்களுக்கு மிஞ்சுவதே 12,000, அதுவும் தொழில் நடக்கும் மாதங்களில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. தடைக்கால நிவாரணமாக அரசு ஒரு குடும்பத்துக்குத் தருவது 8,000. அந்த இரண்டு மாதத் தவணை மட்டும் 22,222. நாட்டுப்படகு மீனை வைத்து நீங்கள் கொஞ்சம் கருவாடு போடலாம், ஆனால் கணவர் பங்கு நின்றுவிடுமே. எல்லை தாண்டினார்கள் என்று படகு பிடிபட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் 90,000 அப்படியொரு நாளுக்கான பணம். அதிலிருந்து 60,000 எடுத்து முன்பணம் கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘நோ காஸ்ட்’ என்பதையும் நம்பிவிடாதீர்கள். வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் நிறுவனம் எதுவும் இல்லை. பெரும்பாலும் கிளினிக் தன் விலைக்குள் அந்த வட்டியை வைத்திருக்கும். ‘மொத்தமும் ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு?’ என்று கேட்டுப் பாருங்கள், விலை இறங்கினால் இறங்கிய தொகைதான் வட்டி. செயலாக்கக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி தனி. தவணை தவறினால் கடன் மதிப்பெண் விழும், மகளுக்குக் கல்விக் கடன் கேட்கப் போகும்போது பெற்றோர் கணக்கையும்தான் வங்கி பார்க்கும்.

நகைக்கடன் இதைவிட மலிவாக இருக்கலாம். 2 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 24,000. ஆனால் அசலும் வட்டியும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனுக்குக் கெடு 12 மாதம். சீட்டுப் பணம் வந்ததும் திருப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். அப்படியானால் அந்தச் சீட்டுப் பணத்திலேயே செய்யுங்களேன், நகை ஏன் கடைக்குப் போக வேண்டும்? மகளிர் குழுக் கடனை நீங்கள் கேட்கவில்லை, நல்லது. தொழிலுக்கு என்று வாங்கி இதில் போட்டால் நாளைக்கு மற்ற பெண்கள் முகத்தில் விழிப்பது சிரமம்.

தை மாதம் வேண்டாம் என்றதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. இந்த ஆபரேஷனில் இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கீறித் தோலை வெட்டி எடுப்பார்கள், விலகிய தசையை இழுத்துத் தைப்பார்கள், தொப்புளை இடம் மாற்றுவார்கள். சுமார் ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. வீக்கம் வடிய மாதங்கள் ஆகும். தழும்பு மங்க ஒரு வருடம் ஆகலாம், முழுக்க மறையவே மறையாது. கல்யாணத்துக்கு முன் அவசரமாகச் செய்தால் பந்தியில் நிமிர்ந்து நிற்கவே கஷ்டப்படுவீர்கள்.

உங்களுக்குப் பொருத்தமான காலம் தடைக்காலம்தான். வேடிக்கை என்னவென்றால், பணம் குறைவான அதே இரண்டு மாதத்தில்தான் ஓய்வு அதிகம். கணவர் கரையில் இருப்பார், பிள்ளைகளுக்கு விடுமுறை, கூடை தூக்கும் வேலையும் குறைவு. கத்திரி வெயிலில் அந்த பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருப்பது மட்டும் கொடுமை, ஒரு மின்விசிறி கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும்.

அதற்கு இப்படிச் சேர்க்கலாம். தொழில் நடக்கும் 10 மாதமும் மாதம் 12,000 தொடர் வைப்பில் போட்டால் 1,20,000. சீட்டு 2 லட்சம். வருகிற தடைக்காலத்துக்குள் 3,20,000 கையில் இருக்கும். அதற்கடுத்த தடைக்காலத்துக்குள் 4,40,000. ஹெர்னியா பங்கைக் காப்பீடு ஏற்று, வேறொரு மருத்துவர் குறைந்த விலை சொன்னால் வருகிற தடைக்காலமே போதும். இல்லையென்றால் இன்னொரு வருடம் பொறுங்கள். எஃப்டியும் 90,000-மும் நகையும் இருந்த இடத்தில் இருக்கட்டும்.

காத்திருக்கும் காலமும் வீண் இல்லை. குறைந்தது ஆறு மாதமாவது எடை ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும் என்பார்கள் மருத்துவர்கள். 68 கிலோ எவ்வளவு நாளாக 68 கிலோ என்பதை நீங்கள் எழுதவில்லை. இனி குழந்தை வேண்டாம் என்ற முடிவு உறுதியாக இருக்க வேண்டும், இன்னொரு கர்ப்பம் வந்தால் செய்ததெல்லாம் மறுபடி தளர்ந்துவிடும். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வர வேண்டும். புகையிலை போடும் வழக்கம் இருந்தால் பல வாரம் முன்பே விட வேண்டும், இல்லையென்றால் வெட்டிய தோல் சேராமல் அழுகக்கூடும். மருத்துவரிடம் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் இருக்கிறதா, மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவசரத்துக்கு ஐ.சி.யூ. இருக்கிறதா என்று கேளுங்கள். ‘இந்த மாதம் மட்டும்’ என்று தள்ளுபடி சொல்லி ஆபரேஷனுக்கு ஆள் பிடிப்பதை நான் நல்ல அறிகுறியாகப் பார்க்கவில்லை.

கட்டிய 10,000 பற்றி: இன்றைக்கே வாட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ, ‘மருத்துவக் காரணங்களைச் சோதிக்க வேண்டியிருப்பதால் பதிவை ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்பித் தரவும்’ என்று எழுதி ரசீதுப் படத்தையும் இணைத்து அனுப்புங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம், அதிலும் தீராவிட்டால் ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ரசீதில் ‘திருப்பித் தரப்படாது’ என்று அச்சிட்டிருந்து, கடைசியில் அந்தப் பணம் வராமலே போனாலும், 10,000 போய்விடுமே என்பதற்காக மிச்சம் 2,50,000-ஐக் கட்டாதீர்கள்.